இலங்கை மலையகத்தில் ஆற்றோரமாக, ஏற்றம் குறைவாக கிராவல் பைக் (சரளைக்கல் பாதையிலும் ஓட்டக்கூடிய சைக்கிள்) ஓட்ட இடம் உண்டா? எப்படிப்பட்ட டயர் தேவை?

உண்டு. ஆனால் ஆற்றோரம் என்றால் சமதரை என்று நினைக்க வேண்டாம். இங்கே ஆறுகள் பள்ளத்தாக்குகளில் இறங்கி ஓடுகின்றன, கரையோரப் பாதை நீளமாகக் கிடைப்பது அரிது. அதற்குப் பதில் நீர்த்தேக்கக் கரைகளைத்தான் நான் சொல்வேன். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி, நோர்வுட் பக்கமிருந்து தொடங்குங்கள். தண்ணீர் மட்டத்தை ஒட்டியே போவதால் ஏற்ற இறக்கம் சிறியது.

அப்புறம் தேயிலைத் தோட்டத்து ரோடுகள். கொழுந்து லொறி ஏற வேண்டும் என்பதற்காக மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டியவை, அதனால் சரிவு மென்மையாக இருக்கும். கிராவல் பைக்குக்கு இதைவிடப் பொருத்தமான பாதை இலங்கையில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாசல்கள் வழியாகப் போகிறோம், பிள்ளைகள் விளையாடும் இடம் அது. மெதுவாகப் போங்கள். தோட்டத்துக்குள் நுழையும் முன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 45. காற்றைக் கல்லுப்போல் அடிக்காதீர்கள், சற்றுக் குறைவாக இருந்தால்தான் சரளைக்கல்லில் பிடிப்பு கிடைக்கும். டிஸ்க் பிரேக் அவசியம். முன் பல்சக்கரத்தைவிடப் பின்னால் பெரிய பல்சக்கரம் இருந்தால் ஏற்றத்தில் முழங்கால் தப்பும்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை, சேறும் அட்டையும்தான்.