கேளுங்க, சொல்றேன்: இஸமும் கோழிக் கறியும்

போன மாசம் பெயிண்டிங் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு நம்ம ரெயூனியோன் தீவு பூராவும் இருந்து இத்தன கேள்வி வந்து குவியும்னு நெனைக்கவே இல்ல. சரி, இந்த மாசம் வேற எதுவும் வேணாம், முழுக்க அதுதான்.

அண்ணா, என் பையன் லிஸேல, அதான் மேல்நிலைப் பள்ளியில, ஆர்ட் எடுத்திருக்கான். இம்ப்ரெஷனிஸம், ஃபோவிஸம், க்யூபிஸம்னு வீட்ல பெனாத்திக்கிட்டே இருக்கான். எனக்கு ஒரு எழவும் புரியல. அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசுற அளவுக்காவது சொல்லிக் குடுங்களேன்.
– ஒரு அம்மா, சென் ஆந்த்ரே

பரீட்சைக்குப் படிக்கிறான் பாவம், திட்டாதீங்கம்மா. இந்த இஸத்தப் பாத்து பயப்படவும் வேணாம், பாதி பேரு கிண்டலா வெச்ச பட்டப்பேருதான். 1874ல பாரிஸ்ல நாடார்னு ஒரு போட்டோகிராபர், நம்மூரு நாடார் இல்ல, இவரு பிரெஞ்சுக்காரரு, அவரோட பழைய ஸ்டூடியோவுல மோனே, ரெனுவார்னு பெயிண்டருங்க எல்லாம் சேந்து எக்ஸிபிஷன் வெச்சாங்க, அதுல மோனே படம் ஒண்ணுக்கு 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்'னு பேரு, அதப் பாத்துட்டு லூயி லெருவான்னு ஒரு பத்திரிகைக்காரரு சுவத்துல ஒட்டுற பேப்பர் கூட இதவிட முழுசா இருக்கும்னு எழுதி இம்ப்ரெஷனிஸ்ட்டுங்கன்னு நக்கல் அடிச்சாரு. அந்தப் பேரே நின்னுருச்சு.

அவங்க செஞ்சது என்னன்னா, வெயில்ல போய் உக்காந்து கண்ணுல பட்ட வெளிச்சத்த அது மாறுறதுக்குள்ள வரஞ்சாங்க. அதுக்கு முன்னாடி கலரு பன்னிப் பைக்குள்ள கட்டி வெச்சிருப்பாங்க, தூக்கிட்டு அலையறது ரோதன. 1841ல ட்யூப் வந்துச்சு, நம்ம டூத்பேஸ்ட் மாதிரியே அமுக்குற ட்யூப், அத பாக்கெட்ல போட்டுக்கிட்டு எங்க வேணாலும் கெளம்பலாம். இன்னொண்ணு, நெழல கருப்பா போடுறத விட்டாங்க. நம்பலேன்னா ஞாயித்துக்கெழம எர்மித்தாழ் பீச்சுக்குப் போங்க, மத்தியானம் சவுக்கு மரத்து நெழலு வெள்ள மணல்ல விழுந்திருக்கும், கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க, கருப்பா அது? நீலமும் ஊதாவும் கலந்து கெடக்கும். பையனையும் கூட்டிட்டுப் போங்க, புக்குல இருக்கறதவிட நல்லா புரியும்.

ஃபோவிஸம்னா 1905, மத்தீஸ், தெரேன், வ்லாமாங்க். ஃபோவ்னா காட்டு மிருகம், அதுவும் ஒரு விமர்சகர் வெச்ச பேருதான். மரம் செவப்பா இருக்கலாம், மூஞ்சில பச்ச கோடு இருக்கலாம், கலரு பொருளுக்கு அடிமை இல்லேங்கறது அவங்க கட்சி. பாரிஸ்காரனுக்கு அது அதிர்ச்சியா இருந்திருக்கும், கொலோஸ் கோயில் கோபுரத்துல ரோஸ் பக்கத்துல பச்ச, பச்ச பக்கத்துல மஞ்சள்னு பாத்தே வளந்த நம்ம புள்ளைங்களுக்கு அதுல என்னம்மா அதிர்ச்சி?

க்யூபிஸத்துக்கு நம்ம ஊரு ஆளு ஒருத்தர வெச்சே சொல்லிடறேன். ஆம்ப்ருவாஸ் வொல்லார், 1866ல சென் தெனில பொறந்தவரு, வக்கீலுக்குப் படிக்கப் பிரான்சுக்குப் போயி படக்கடை போட்டவரு. செஸான்ங்கற பெயிண்டருக்கு மொத தனி எக்ஸிபிஷன் 1895ல இவரு வெச்சதுதான், பிக்காஸோவுக்குப் பாரிஸ்ல மொத எக்ஸிபிஷன் 1901ல, மத்தீஸுக்கு மொத தனி எக்ஸிபிஷன் 1904ல, எல்லாம் இவரு கடையிலதான். கடைக்குக் கீழ நெலவறையில விருந்து வெப்பாரு, என்ன ஐட்டம்னு நெனைக்கறீங்க, நம்ம ஊரு கோழிக் கறி! பொன்னார்னு ஒரு பெயிண்டர் அந்த விருந்தப் படமாவே போட்டிருக்காரு. இந்த வொல்லார 1910ல பிக்காஸோ வரஞ்சாரு. கண்ணாடிச் சில்ல கீழ போட்டு ஒடச்ச மாதிரி எல்லாம் சாம்பலும் காவியுமா துண்டு துண்டா இருக்கும், நடுவுல நெத்தி மட்டும் வழுக்கையா பெருசா பளிச்சுனு, கண்ணு ரெண்டும் கீழ பாத்தாப்ல. ஒரே எடத்துல நின்னு பாக்காம, இப்படி ஒரு பக்கம் அப்படி ஒரு பக்கம் பாத்ததெல்லாம் ஒரே துணியில ஒட்டுனா க்யூபிஸம். பையன் அதுக்கு மேல கேட்டா அவன் வாத்தியாரக் கேக்கச் சொல்லுங்க.

என் நாலு வயசுப் பேத்தி கிறுக்குறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? கோடிக்கணக்குல வேற விக்குது.
– தாத்தா ஒருத்தர், சென் பியேர்

ஐயா, நாலு வயசுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, மேல சொன்ன பிக்காஸோ படத்தப் பெரியவங்க பல பேரு யாருன்னே தெரியாம முழிச்சாங்களாம், சிநேகிதர் வீட்டு நாலு வயசுப் பையன் பாத்த உடனே இது வொல்லார்னு சொன்னானாம், வொல்லாரே சொன்ன கத. அதனால பேத்தியக் கொறச்சு எடை போடாதீங்க.

வெலயப் பத்தி எனக்கும் எரிச்சல்தான், அது படத்தோட குணம் இல்ல, பணக்காரங்க ஏலத்துல போட்டி போடுறது. கிறுக்கலா இல்லயான்னு மட்டும் சொல்றேன். இதே வொல்லார 1899ல செஸானும் வரஞ்சாரு. ஆப்பிளு மாதிரி அசையாம உக்காரணும்னு சொல்லி, வொல்லார் தூங்கி நாற்காலியோட விழுந்தப்ப ஆப்பிளு அசையுமான்னு கத்துனாராம். 115 தடவ உக்கார வெச்சாரு. அப்புறமும் முடியல. படத்துல கை மேல ரெண்டு எடத்துல சின்னதா கலரு படாத வெறும் துணி தெரியுது, அத மூடக்கூடாதான்னு கேட்டதுக்கு, ஏதோ ஒரு கலர அங்க வெச்சுட்டா அங்கேர்ந்து ஆரம்பிச்சு மொத்தப் படத்தையும் திருப்பி வரையணும்னு பதில் வந்துச்சு. ஒரு பொட்டு கலரு பக்கத்துப் பொட்ட மாத்தும், அது அதுக்குப் பக்கத்துல இருக்கறத மாத்தும், அவ்ளோ கணக்கு. பேத்தி அந்த ரெண்டு எடத்தயும் ரெண்டு செகண்டுல ரொப்பிருவா, சந்தோஷமாவும் இருப்பா.

கோகேன்னு அந்த பிரெஞ்சு பெயிண்டர் நம்ம தீவுக்கு வந்திருக்காராமே, உண்மையா?
– ல பொஸெஸியோன் வாசகர்

இல்ல. அவரு போனது 1887ல மார்த்தினீக், 1891ல தஹித்தி, கடைசியா மார்க்கேஸாஸ் தீவு, அங்கதான் 1903ல செத்தாரு. பக்கத்துல மடகாஸ்கருக்கு வரலாம்னு 1890ல ஒரு யோசன இருந்துச்சு, அப்புறம் மனசு மாறி தஹித்தின்னு போயிட்டாரு. கடைசிக் காலத்துல மாசம் 300 பிராங்க்னு பேசி அவரு படத்த வாங்குனது நம்ம வொல்லாரு, ஏகப்பட்ட மனஸ்தாபத்தோட. கோகேன் கலரு எனக்கு உயிரு, ஆனா அங்க சின்ன வயசுப் பொண்ணுங்ககிட்ட அவரு நடந்துகிட்டது அசிங்கம், ரெண்டையும் சேத்துதான் சொல்லணும். ரெதோன்னு இன்னொரு பெயிண்டர், கனவு மாதிரி படம் போடுவாரு, அவரு சம்சாரம் நம்ம தீவுப் பொண்ணு, பெரும அடிச்சுக்கணும்னா அத அடிச்சுக்கோங்க.

நம்ம கோலமும் அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட்தானே?
– கோலம் போடும் ஒருத்தி, சென் லூயி

கோட்டுலயே கதை சொல்லாம அழகு காட்டுறதுன்னு பாத்தா ஆமா. ஆனா அதுக்கு பாரிஸ்லேர்ந்து சர்டிபிகேட் எதுக்கு தங்கச்சி? புள்ளி வெச்சு, கைய எடுக்காம சிக்குக் கோலத்த சுத்தி வந்து ஆரம்பிச்ச புள்ளியிலயே முடிக்கிறது தனி வித்த, சாயங்காலம் அது கால்ல மிதிபட்டு அழிஞ்சிடும், நாளைக்கு வேற. மியூசியத்துல அடைக்க முடியாதது அதோட குணம். உங்க கோலம் ஒண்ணு போட்டோ எடுத்து அனுப்புங்க, மாவு எப்படி விழுதுன்னு பாக்கணும்.

சந்தையில 40 யூரோ குடுத்து பிக்காஸோ படம் ஒண்ணு வாங்குனேன், பிரேமோட. கீழ பென்சில்ல கையெழுத்து இருக்கு. ஒரிஜினலா இருக்குமா அண்ணே?
– பேர் வேணாம், ல போர்

பேர் வேணாம்னு சொன்னதுலயே தெரியுது, உங்களுக்கே சந்தேகம். கையெழுத்த விடுங்க, பென்சில் யாரு வீட்லயும் இருக்கும். பிரேமக் கழட்டி நக வியாபாரி வெச்சிருக்கற லென்ஸ் ஒண்ணு எரவல் வாங்கிப் பாருங்க. சின்னச் சின்னப் புள்ளியா நீலம், ரோஸ், மஞ்சள், கருப்புன்னு வரிசையா தெரிஞ்சா அது பிரஸ்ல அடிச்ச ஆஃப்செட், காலண்டர் மாதிரி. சூரான்னு ஒரு பெயிண்டர் 1880கள்ல புள்ளி புள்ளியா கையாலயே வெச்சு தள்ளி நின்னா கலரு கண்ணுல கலக்கற மாதிரி வரஞ்சாரு, இப்ப அந்த வேலய மெஷின் செய்யுது.

நெஜ எட்சிங்னா வேற மாதிரி. செப்புத் தகட்டுல மெழுகு மாதிரி ஒண்ணப் பூசி, அது மேல ஊசியால கீறுவாங்க, ஆசிட்ல முக்குனா கீறுன எடம் மட்டும் அரிச்சு பள்ளமாகும், மையத் தடவி துணியால தொடச்சா பள்ளத்துல மட்டும் மை நிக்கும், ஈரப் பேப்பர மேல வெச்சு ரோலர்ல அழுத்தினா மை பேப்பருக்கு ஏறும். அதனால மை லேசா மேடா இருக்கும், விரலால தடவாதீங்க, சாய்வா வெளிச்சம் அடிச்சுப் பாத்தா போதும், படத்த சுத்தி தகட்டோட ஓரம் அழுந்துன தடம் சதுரமா தெரியும். பிக்காஸோ 1930லேர்ந்து 1937க்குள்ள வொல்லாருக்காக 100 எட்சிங் போட்டாரு, அந்தப் பேப்பர வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா உள்ள வொல்லார்னோ பிக்காஸோன்னோ நீர்க்குறி தெரியும்.

உங்களுது போட்டோவப் பாத்தேன். வழவழன்னு பேப்பரு, தடமும் இல்ல. 40 யூரோவுல பாதி பிரேமுக்கே போயிருக்கும், பிரேம் நல்லாத்தான் இருக்கு. நெசமானதப் பாக்கணும்னா சென் தெனில லெயோன் தியேர்க்ஸ் மியூசியம், வொல்லார் தம்பி 1947ல குடுத்த படங்க 150க்கு மேல அவங்ககிட்ட இருக்கு. நான் மொத தடவ அங்க போனது மழைக்கு ஒதுங்க, வெளிய வந்தப்ப மழ எப்பவோ விட்டிருந்துச்சு. போறதுக்கு முன்னாடி தொறந்திருக்கான்னு ஒரு போன் போட்டுக்கோங்க.