"டீச்சரே, இவன்..." : கோள் சொல்லும் பிள்ளைகள், கேள்வி பதில்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் வழி எல்.பி. (தொடக்க) பள்ளியில் 28 ஆண்டு ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுத்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேலந்தாவளம், ஒன்றாம் வகுப்பு டீச்சர்: நாள் முழுக்க "டீச்சரே, இவன்..." தான். பாடமே ஓடவில்லை. எப்படி நிறுத்துவது?

நிறுத்த வேண்டாம், பிரித்துப் பாருங்கள். ஆறு வயதில் டீச்சர் சொன்ன விதி கல்லில் எழுதின மாதிரி. கோலி விளையாடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிப் பார்த்துத்தான் சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே 1932இல் இதை எழுதினார். "அவன் வரிசையில் நிக்கலை" என்று ஓடிவரும் பிள்ளை, நீங்கள் சொன்ன விதியைக் காப்பாற்ற வருகிறது.

நான் ஒன்றுதான் கேட்பேன்: "யாருக்காவது வலிக்குதா, பயமா இருக்கா?" ஆமாம் என்றால் சாக்பீஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். இல்லையென்றால், "நீ அவன்கிட்ட என்ன சொன்னே?" "இவன் ரப்பர் தரலை" என்று வந்த ஒரு குட்டிப் பெண்ணோடு அதை இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். போனாள், கையை நீட்டி, "எழுதிட்டுத் தர்றேன்" என்றாள். அவன் கடித்து வைத்திருந்த பாதியைக் கொடுத்தான். பாவாடையில் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். வகுப்பு முழுக்கப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

ஒன்று மட்டும்: "கோள் சொல்லாதே" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள்.

மறையூர்: மலையாளப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பெஞ்சில். என்ன புகார் என்றே பிடிபடவில்லை.

செய்து காட்டச் சொல்லுங்கள். மலையாளத்தில் 'தல்லி' என்றால் அடித்தான். பொள்ளாச்சியிலிருந்து புதிதாக வந்த ஒரு டீச்சர் காதில் அது 'தள்ளி' என்று விழுந்தது. "அப்போ நீ கொஞ்சம் தள்ளி உட்காரு" என்று அனுப்பிவிட்டார். அடி வாங்கிய பிள்ளை அப்புறம் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை.

சித்தூர், ஓர் அம்மா: மகள் வீட்டில் அண்ணனைப் போட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறாள்.

அவள் சொன்ன கையோடு அண்ணனைத் திட்டுவதை நிறுத்திப் பாருங்கள்.

குமுளி: புகார் சொல்லும்போது பையனுக்கு வாய் திக்குகிறது.

இது என் துறை இல்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

மீனாட்சிபுரம்: பேசுகிறவர்கள் பெயரை வகுப்பு லீடரை விட்டுப் போர்டில் எழுதச் சொல்லலாமா?

கூடாது. காலையில் கோள் சொல்வதை ஒரு பிள்ளைக்கு வேலையாகக் கொடுக்கிறோம், மதியம் அதே பிள்ளையைக் கோள்காரி என்கிறோம்.

கோவிந்தாபுரத்து ஐயா குறுக்கே வந்தார்: "ஆபீஸ் ரூமுக்குப் போய் வருவதற்குள் வகுப்பை யார் பார்ப்பது? நாமெல்லாம் அப்படிப் படித்தவர்கள்தானே?"

ஆமாம் ஐயா, படித்தேன். லீடருக்கு ஒரு மாங்காய்க் கீற்று கொடுத்தால் பெயர் அழியும். கொடுக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி ஏறும். என் பெயருக்கு நாலு குறி இருந்தது, இன்னும் மறக்கவில்லை.

மறையூர் டீச்சர்: "லீடர் என்றால் பொறுப்பு வரும் அல்லவா?"

பொறுப்பு கொடுங்கள். சாக்பீஸ் எடுத்து வரட்டும், நோட்டு அடுக்கட்டும். பெயர் எழுதுவது மட்டும் வேண்டாம்.

ஐயா விடவில்லை: "என் வகுப்பில் 40 பிள்ளைகள், அம்மா!"

தொடக்க வகுப்பில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இன்னோர் ஆசிரியர் கேட்டு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை, வெளியே போகும்போது போர்டில் ஒரு மரம் வரைந்து, எத்தனை இலை என்று எண்ணச் சொல்லிவிட்டுப் போங்கள்.

நடுப்புணி: கோள் சொல்வதை எப்படி நிறுத்துவது?

முதல் பதில்.

வாளையார்: பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் புகார்...

முதல் பதிலைப் படியுங்கள், அம்மா. இதே கேள்வி இன்று ஐந்தாவது முறை.

பெயர் வேண்டாம் என்ற ஒரு டீச்சர்: இரண்டாம் வகுப்புப் பெண், "வேன் மாமா மடியில உட்கார வைக்கிறாரு, எனக்குப் பிடிக்கலை" என்றாள். பக்கத்துப் பையன் "கோள்காரி" என்று சிரித்தான். அவள் அழுதாள்.

இதற்காகத்தான் "கோள் சொல்லாதே" வேண்டாம் என்று அடித்துக்கொள்கிறேன். அவளிடம், "நீ சொன்னது நல்லது, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுத் துருவ வேண்டாம். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். இன்று மாலை அவள் அந்த வேனில் ஏறக்கூடாது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) குற்றம். தலைமை ஆசிரியர் தயங்கினாலும் நீங்கள் போலீசில் சொல்லியாக வேண்டும். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 உண்டு, காசு கிடையாது.

மற்ற கேள்விகளை நாளை பார்க்கிறேன். நீங்கள் முதலில் போன் பண்ணுங்கள்.