பெரிய ஆலோசனை நிறுவனத்தில் கோடைக்காலப் பயிற்சி எப்படி இருக்கும்?

கேள்வி: எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். பெரிய ஆலோசனை நிறுவனமொன்றில் கோடைக்காலப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பயிற்சி மாணவர்களுக்கு அங்கே உண்மையில் என்ன வேலை தருவார்கள்? போவதால் பயன் உண்டா?

தாராளமாகப் போகலாம். ஆனால், பெரிய பெரிய நிறுவனங்களுக்கு வழிகாட்டப் போகிறோம் என்ற நினைப்போடு போக வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பகுதி, பிறர் ஆண்டுக்கணக்கில் நிரப்பிவைத்த எக்ஸெல் கோப்புகளைச் சரிசெய்வதில்தான் கழியும். சலிப்பூட்டும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் நான் அங்கே கற்றதில் பெரும்பங்கு அந்த வேலையிலிருந்தே வந்தது என்பதால், அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில், எந்த வகை நிறுவனம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின் ஆகியவை தொடக்கம் முதலே ஆலோசனைத் தொழிலில் இருப்பவை. டெலாய்ட், பி.டபிள்யூ.சி., ஈ.ஒய்., கே.பி.எம்.ஜி. ஆகிய நான்கும் தணிக்கையில் வேரூன்றிப் பின்னர் ஆலோசனைக்கும் கிளை பரப்பியவை. நான் பயிற்சி பெற்றது தணிக்கைப் பிரிவும் உள்ள ஒரு நிறுவனத்தில். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதால் அதன் பெயரையும் வாடிக்கையாளரின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன்.

தணிக்கைப் பிரிவு இருப்பதன் விளைவை முதல் நாளே உணர்ந்தேன். மடிக்கணினி கைக்கு வருவதற்கு முன்பே, உங்கள் பெயரில் எந்தெந்த நிறுவனப் பங்குகள் உள்ளன என்று கேட்டு ஒரு படிவம் வந்துவிட்டது. இரண்டு மாதம் வந்துபோகும் மாணவனிடம் இதெல்லாம் எதற்கு என்று அப்போது தோன்றியது. தணிக்கை செய்பவர்களுக்கு அந்த வாடிக்கையாளரிடம் சொந்த ஆதாயம் எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் காரணம். 2001இல் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் வீழ்ந்து, அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சனும் மறு ஆண்டே நிலைகுலைந்த பிறகு, ஒரே வாடிக்கையாளரிடம் தணிக்கைக் கட்டணமும் ஆலோசனைக் கட்டணமும் வாங்குவது உலகெங்கும் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. இந்தியாவிலும் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 144ஆம் பிரிவு, தணிக்கையாளர் தாம் தணிக்கை செய்யும் கம்பெனிக்கே மேலாண்மைச் சேவை உள்ளிட்ட சில சேவைகளை வழங்குவதைத் தடை செய்கிறது. எனவே எந்த வாடிக்கையாளரிடம் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பது அங்கே எந்நேரமும் சரிபார்க்கப்படும் விஷயம். உங்களிடமும் அந்தப் படிவம் வரும். விளையாட்டாக நிரப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தேர்வு முறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதைத் தாண்டிவிட்டீர்கள் என்பதால் ஒரு வரி மட்டும். கோயம்பேடு சந்தைக்கு ஒரு நாளில் எத்தனை லாரி வரும் என்பது போன்ற கேள்விகளில் அவர்கள் பார்ப்பது விடையை அல்ல, நீங்கள் எதிலிருந்து தொடங்கி எப்படிப் பிரித்துக்கொண்டு போகிறீர்கள் என்பதை. அந்தப் பழக்கம் பயிற்சியிலும் கைகொடுக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன். எங்கள் வாடிக்கையாளர் ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. இயந்திரப் பராமரிப்புக்காக வாங்கிக் கிடங்கில் வைத்திருக்கும் பேரிங், பெல்ட், சீல், சென்சார் போன்ற பொருட்களில் பணம் அளவுக்கு மீறி முடங்கிவிட்டது என்பது நிர்வாகத்தின் கவலை. எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்வது எங்கள் குழுவின் பொறுப்பு. குழு என்றால் ஒரு மேலாளர், இரண்டு ஆலோசகர்கள், நான். நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவரான பார்ட்னர் வாரத்துக்கு ஒருமுறை வந்துபோவார்.

எனக்குக் கொடுக்கப்பட்டது, தொழிற்சாலை தன் கொள்முதலையும் இருப்பையும் பதிவுசெய்யும் எஸ்.ஏ.பி. மென்பொருளிலிருந்து இறக்கிய பொருட்பட்டியல். ஒரே பொருள் வெவ்வேறு பெயர்களில் பதிவாகியிருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்க வேண்டும். அந்த மென்பொருளில் பொருளின் விவரத்துக்கு 40 எழுத்துகளே இடம் என்பதால், ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி சுருக்கி எழுதியிருந்தார்கள். 6205 என்ற வகை எண் கொண்ட பேரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் ‘பால் பேரிங் 6205’ என்றும், இன்னொன்றில் ‘பிஆர்ஜி 6205இசட்இசட்’ என்றும், மற்றொன்றில் எண்ணே இல்லாமல் ‘பேரிங் 25x52x15’ என்றும் இருந்தது. உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிமன் 15 மில்லிமீட்டர் என்பது 6205இன் அளவு. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவற்றை ஐந்தால் பெருக்கினால் பொதுவாக உள்விட்டம் கிடைக்கும் என்பதை, பொறியியல் படிக்காத நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஜப்பானியத் தயாரிப்பான என்.எஸ்.கே. ‘இசட்இசட்’ என்று குறிப்பதும், சுவீடனின் எஸ்.கே.எஃப். ‘2இசட்’ என்று குறிப்பதும் ஒன்றையேதான்: இருபுறமும் உலோக மூடியுள்ள பேரிங். ஆனால் ‘2ஆர்எஸ்’ என்று முடிந்தால் ரப்பர் மூடி. அளவு ஒன்றாக இருந்தாலும், குளிர்விப்பு நீர் தெறிக்கும் இடத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. எழுத்து ஒற்றுமையை மட்டும் பார்த்து வரிகளை இணைக்கும் எந்தச் சூத்திரமும் இங்கே உதவாது.

ஆகவே மேலாளரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு பட்டியலோடு கிடங்கில் போய் உட்கார்ந்தேன். கிடங்குப் பொறுப்பாளர் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே இருப்பவர். கோட்டுப் போட்டவர்கள் வந்தாலே ஆட்குறைப்புத்தான் என்று நினைத்தாரோ என்னவோ, தொடக்கத்தில் பிடிகொடுத்துப் பேசவில்லை. “அண்ணே, ஒரே பேரிங்குக்கு எதுக்கு இத்தனை பேரு?” என்று கேட்டபோதுதான் சிரித்தார். “தம்பி, ராத்திரி ஷிஃப்ட்ல மெஷின் நின்னுபோச்சுன்னா, பழைய நம்பரைத் தேடிக்கிட்டா இருப்பாங்க? புதுசா ஒண்ணு போட்டு இண்டென்ட் அனுப்பிருவாங்க. அது அப்படியே தங்கிரும்” என்றார். இண்டென்ட் என்பது பொருள் வேண்டும் என்று கேட்டு அனுப்பும் சீட்டு. பட்டியலில் நான் குளறுபடி என்று பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நின்றுபோன ஓர் இயந்திரமும், அவசரத்தில் இருந்த ஒரு ஃபிட்டரும் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அவர் காட்டிய இன்னொன்று எங்கள் கணக்கையே மாற்றியது. கிடங்குச் சரக்கை வேகமாக நகர்வது, மெதுவாக நகர்வது, நகராதது என்று பிரிப்பது எல்லாரும் செய்வது. வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். நகராத பட்டியலின் முதலிடத்தில் இருந்தது வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு ஸ்பிண்டில், அதாவது இயந்திரத்தின் சுழல்தண்டு. வாங்கிய நாள் முதல் வெளியே எடுக்கப்படவே இல்லை. காகிதத்தில் பார்த்தால் விற்றுத் தீர்க்க வேண்டிய முதல் பொருள் அதுதான். ஆனால் அது இல்லாத நாளில் இயந்திரம் பழுதானால், கப்பலில் மாற்றுப் பொருள் வந்து சேரும்வரை ஓர் உற்பத்தி வரிசை முழுவதும் நிற்கும். கார் நிறுவனங்களோ உதிரிபாகங்களை மணிக்கணக்குப் பார்த்து வாங்குபவை. எனவே நகர்வோடு, உயிர்நாடி, அவசியம், இருந்தால் நல்லது என்ற இன்னொரு பிரிப்பையும் சேர்த்துப் பார்த்தோம். அந்த இரண்டாவது பிரிப்பு எந்தக் கணினியிலும் இல்லை, பராமரிப்புப் பிரிவினரோடு உட்கார்ந்து வரி வரியாகக் கேட்டு எழுதியதுதான்.

அடுத்தது ஸ்லைடு. இதைப் பலர் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. ‘கிடங்கு இருப்புப் பகுப்பாய்வு’ என்று நான் தலைப்பிட்டிருந்த பக்கத்தை மேலாளர் திருப்பி அனுப்பினார். தலைப்பைப் படிக்கும்போதே முடிவு தெரிந்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. ‘முடங்கிய பணத்தின் பெரும்பகுதி, உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும் சாதாரணப் பொருட்களில் இருக்கிறது’ என்று முழு வாக்கியமாக எழுதிய பிறகே அந்தப் பக்கம் தேறியது. இப்படி எழுத உட்கார்ந்தால், சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை என்பது நமக்கே அம்பலமாகிவிடும். மெக்கின்சியில் 1960களில் பணியாற்றிய பார்பரா மின்டோ வகுத்த, கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமலும் எதுவும் விடுபடாமலும் பிரிக்கும் முறையை ஆலோசனை நிறுவனங்கள் பலவும் இன்று பின்பற்றுகின்றன. வேலைக்குப் போகும் முன் அதைப் பழகிக்கொண்டால் பல இரவுகள் மிச்சமாகும்.

இரவுகள் என்றதும் நினைவுக்கு வருகிறது: வேலை நேரம் நீளமானதுதான். வாடிக்கையாளர் கூட்டத்துக்கு முந்தைய நாள் எழுத்துருவையும் கட்டங்களின் வரிசையையும் நள்ளிரவு தாண்டிச் சரிசெய்துகொண்டிருப்பது யாருக்கும் உவப்பாக இருக்காது. அதில் பாதி தேவையற்றது என்பது இன்றும் என் கருத்து. அதைவிட என்னை உறுத்தியது வேறு. இறுதிக் கூட்டத்தில் நாங்கள் சொன்னவற்றில் கணிசமானவை கிடங்குக்காரருக்கும் பராமரிப்புப் பிரிவுக்கும் முன்பே தெரிந்தவை. அவர்கள் சொன்னபோது மேலே எடுபடாத செய்தி, பெரிய கட்டணம் வாங்கும் நிறுவனத்தின் முத்திரையோடு போனதும் எடுபட்டது. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். சிதறிக் கிடந்ததை எண்ணோடு கோத்து, இன்னதைச் செய்தால் இவ்வளவு மிஞ்சும் என்று காட்டுவதும் ஓர் உழைப்பே. ஆனால் அறிக்கையில் தகவல் தந்தவர்களைக் குறிப்பிட வேண்டும் என்று நான் கேட்டேன். பின்னிணைப்பில் அவர்களுடைய பதவிப் பெயர்கள் மட்டும் இடம்பெற்றன.

பயிற்சி முடிவில் வேலைக்கான முன்வாய்ப்பு கிடைக்குமா என்பது உங்கள் உழைப்பை மட்டும் பொறுத்ததல்ல. அந்த ஆண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு திட்டங்கள் கையில் இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. கிடைக்காவிட்டால் அதை உங்கள் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சி.ஏ. படிக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும்: இதே நிறுவனங்களில் நீங்கள் செய்யும் ஆர்ட்டிகிள்ஷிப் முற்றிலும் வேறு. 2023இல் வந்த புதிய திட்டத்தில் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டிருந்தாலும், அது பட்டயக் கணக்காளர் தொழிலுக்கான சட்ட விதிகளுக்கு உட்பட்ட நெடும்பயிற்சி. என் இரண்டு மாத அனுபவத்தை வைத்து அதை எடைபோட வேண்டாம்.

சேர்வதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: எந்தத் திட்டத்தில் போடுவார்கள், வாடிக்கையாளர் இடத்துக்குப் போக முடியுமா என்று. உத்தி வகுக்கும் திட்டம், தொழிற்சாலைத் திட்டம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெயரின் கவர்ச்சியில் மயங்காமல் தொழிற்சாலையைக் கேளுங்கள். சொந்தமாக ஒரு ஜோடி பாதுகாப்புக் காலணியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயிற்காவலர் தரும் காலணி யார் காலுக்கும் பொருந்துவதில்லை.