தூக்கம் குறைந்தால் குழந்தையின் எடை கூடுமா?

ஒன்பது வயது மகன் இரவு பதினொன்றுக்கு முன் படுப்பதில்லை, எடையும் ஏறிக்கொண்டே போகிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் தூக்கத்தை மட்டும் சரிசெய்தால் எடை இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் மகளுக்கு எட்டு வயதானபோது நானும் இப்படித்தான் தவித்தேன். சாப்பாட்டில்தான் கோளாறு என்று நினைத்து, அவள் தின்பதையெல்லாம் நேரத்தோடு ஒரு வாரம் நோட்டில் எழுதினேன். பகலில் குறைசொல்ல ஒன்றுமில்லை. இரவு உணவுக்குப் பிறகுதான் வரிசை நீண்டது: ஒன்பதரைக்கு இரண்டு பிஸ்கட், பத்துக்கு ஒரு டம்ளர் பால், பத்தேகாலுக்கு மறுபடியும் பிஸ்கட். அதைப் பசி என்று சொல்ல முடியாது. விழித்திருந்தாள், தின்றாள், அவ்வளவுதான்.

2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பிறகுதான் படித்தேன். 8 முதல் 11 வயது வரையுள்ள 37 குழந்தைகளை ஒரு வாரம் வழக்கத்தைவிட அதிக நேரமும் இன்னொரு வாரம் குறைந்த நேரமும் தூங்கவைத்திருக்கிறார்கள். அதிகம் தூங்கிய வாரத்தில் அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் என் நோட்டோடு அப்படியே பொருந்தியது.

தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், போதும் என்று உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும் என்ற விளக்கத்தை எங்கும் பார்ப்பீர்கள். அது பெரும்பாலும் பெரியவர்களிடம் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. மேலே சொன்ன ஆய்வில், நன்றாகத் தூங்கிய வாரத்தில்தான் குழந்தைகளுக்கு லெப்டின் குறைவாக இருந்தது! ஆகவே ஹார்மோன் கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்ன அளவு. பதினொன்றுக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம்தான் தேறும். தூக்கம் போதாத பிள்ளை பெரியவர்களைப் போலச் சோர்ந்து உட்காராது. பல நேரம் துள்ளும், அடம்பிடிக்கும். என் மகளுக்குத் தூக்கமே வராது என்று நான் ஏமாந்தது அதனால்தான்.

நாங்கள் படுக்கும் நேரத்தை ஒரே நாளில் மாற்றவில்லை. சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே நகர்த்தினோம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, செல்போன் எல்லாம் அணைந்தன, என்னுடையதும் சேர்த்து. என்னுடையதை அணைப்பதுதான் கடினம். மாலையில் ஓடியாடவும் விட்டோம் என்பதால், பலன் முழுவதும் தூக்கத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஓராண்டில் அவள் எடை இறங்கவில்லை. ஏறாமல் நின்றது, உயரம் கூடியது. வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் அதுவே போதும் என்றார் எங்கள் மருத்துவர்.

உங்கள் மகன் குறட்டை விடுகிறானா? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா? மூச்சு ஒரு நொடி நின்று, திணறி மீண்டும் வருகிறதா? எடை கூடினாலும் டான்சில் வீங்கினாலும் மூச்சுப்பாதை அடைபடலாம். அப்படியானால் எட்டு மணிக்கே படுத்தாலும் தூக்கம் தூக்கமாக இருக்காது. நேரத்தை மாற்றுவதற்கு முன் ஓர் இரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் செல்போனில் பதிவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.