உளுந்துக்கு யூரியா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மியான்மரில் பெகு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. நெல் அறுத்ததும் அந்த ஈரத்திலேயே உளுந்து விதைப்போம். தாத்தா இருந்தவரை அதற்கு யூரியா போட விட்டதில்லை. "அதுக்கு வேண்டியதை அதுவே தேடிக்கும்" என்பார். இந்த வருஷம் பயிர் வெளுத்து நிற்கிறது. உரக் கடைக்காரர் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

– பெகு வாசகர்

அன்புள்ள தம்பி,

தாத்தா சொன்னதுதான் சரி. மூட்டை வாங்குவதற்கு முன்னால் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள்.

எந்தச் செடிக்கும் சோறு மண்ணிலிருந்து வருவதில்லை. இலைதான் அடுப்பங்கரை. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் ஏற்றிவிடும் தண்ணீரையும் வைத்து, வெயிலின் பலத்தில் அங்கே சர்க்கரை தயாராகிறது. மண் தருவது உப்பு, புளி மாதிரி. கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் சமையல் நடக்காது. அதில் முக்கியமானது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். பச்சையத்துக்கே அது வேண்டும், அதனால்தான் குறைந்தால் இலை வெளுக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் இரண்டிரண்டு அணுவாக இறுகிக் கிடப்பதைப் பிரிக்க நெல்லுக்கு வழியில்லை.

உளுந்து, பாசிப்பயறு, துவரை எல்லாம் ஆள் வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. மண்ணிலுள்ள ரைசோபியம் வகை பாக்டீரியா வேருக்குள் புகுந்து முடிச்சு கட்டிக் குடியிருக்கும். செடி சர்க்கரை கொடுக்கும், அது தழைச்சத்து கொடுக்கும்.

போன தை மாதம் தன்லின் பக்கம் உறவினர் வயலில், பூ விட்டிருந்த ஒரு செடியை மண்கட்டியோடு வெட்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசினேன். (பிடுங்கினால் முடிச்செல்லாம் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்.) வேர் முழுக்கக் கடுகும் மிளகுமாக உருண்டைகள். ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே ரத்தச் சிவப்பு! நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான பொருள் அது. நைட்ரஜனைப் பிரிக்கும் நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிவப்புப் பொருள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு அளந்து அளந்து கொடுக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அவ்வளவும் வேரடியில் கிடைத்தால் செடி எதற்காகச் சர்க்கரையைச் செலவழித்து முடிச்சை வளர்க்கும்? முடிச்சு குறைந்துபோகும். காசும் போய், இலவசமாக நடந்த வேலையும் நின்றுவிடும்.

சரி, பயிர் ஏன் வெளுத்தது? முளைத்து இரண்டு மூன்று வாரம்தான் ஆகிறதென்றால் முடிச்சு இப்போதுதான் வேலையைத் தொடங்கும், பொறுங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் வேருக்குக் காற்று போகாமல் முடிச்சு முடங்கியிருக்கும். வாய்க்கால் வெட்டி வடித்துவிடுங்கள். இளம் இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது மஞ்சள் தேமல் நோய், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு யூரியா மருந்தே இல்லை. ஆரம்பத்திலேயே அந்தச் செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். தோண்டிப் பார்த்து முடிச்சே இல்லையென்றால் மட்டும் இந்த வருஷம் கொஞ்சம் யூரியா கொடுக்கலாம். அடுத்த தடவை விதையில் ரைசோபியம் கலந்து, அடியுரமாக மணிச்சத்து (பாஸ்பரஸ்) போட்டு விதையுங்கள்.

அப்புறம், அறுவடையில் செடியை வேரோடு பிடுங்க வேண்டாம், அடியில் அறுத்து எடுங்கள். சேர்த்த தழைச்சத்தில் பெரும்பங்கு பருப்போடு வீட்டுக்கு வந்துவிடும். நெல்லுக்கு மிஞ்சுவது அந்த வேரிலும் உதிர்ந்த இலையிலும் இருப்பதுதான்.

பூ விடும்போது வயலின் நாலு மூலையிலும் ஒவ்வொரு செடி தோண்டி, முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். சிவப்பா, வெள்ளையா, பச்சையா என்று எனக்கு எழுதுங்கள்.