சுற்றுச்சூழல் அக்கறையைச் சிரிக்கச் சிரிக்க விற்க முடியுமா?

கேள்வி கேட்டவர் பாக்கு மட்டைத் தட்டு விற்கிறாராம். "'பூமியைக் காப்போம்'னு போஸ்டர் ஒட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காமெடியாக ஏதாவது செய்யலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்" என்கிறார்.

செய்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விளம்பர வாசகம் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஈரோட்டில் நண்பர் ஒருவர் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். சொந்தப் பாத்திரம் கொண்டு வந்தால் லிட்டருக்கு 5 ரூபாய் குறைத்துக்கொள்வார். அப்படியும் பாதிப் பேருக்கு மேல் வெறுங்கையை வீசிக்கொண்டுதான் வருவார்கள். வாசலில் ஒரு கரும்பலகை உண்டு, அதில் ஏதாவது எழுதிக் கொடு என்றார். எழுதினேன்: "பாத்திரத்தை வீட்டில் மறந்துவிட்டீர்களா? மூளையும் அங்கேதான் இருக்கிறதா என்று பாருங்கள்."

நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாயங்காலம் ஓர் அம்மா இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் வாங்கினார். பர்ஸைத் திறக்கும்போது கண் பலகைப் பக்கம் போனது. "ஏனுங்க, எங்களுக்கு மூளை இல்லைன்னு எழுதி வெச்சுப்போட்டு எங்ககிட்டயே காசும் வாங்கறீங்களா?" பாட்டில்களை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நண்பர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்துணியை எடுத்து நீட்டினார், அழிக்கச் சொல்லி.

மறுநாள் காலையில் அவரே கடைச்சாவியை வீட்டில் விட்டுவிட்டு வந்து, பையன் கொண்டு வரும்வரை அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தார். அதையே பலகையில் போட்டேன்: "பாத்திரம் மறந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். முதலாளி இன்று கடைச்சாவியையே மறந்தவர். கழுவிய பாட்டில் உள்ளே இருக்கிறது, எடுத்துப் போங்கள், அடுத்த தடவை கொண்டு வாருங்கள்." அன்றைக்கு வந்தவர்களெல்லாம் "சாவி கெடச்சுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார்கள். போன பாட்டில்களில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. ஒன்று மட்டும் பினாயில் வாசத்தோடு வந்தது, அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

முதல் பலகையில் அடி வாங்கியவர் வாடிக்கையாளர், இரண்டாவதில் முதலாளி. அது ஒன்று. இரண்டாவது பலகை சிரிக்க வைத்த கையோடு ஒரு காரியத்தையும் கையில் கொடுத்தது, பாட்டிலை எடுத்துப் போ என்று. இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது.

கனடாவின் வான்கூவரில் ஈஸ்ட் வெஸ்ட் மார்க்கெட் என்று ஒரு மளிகைக் கடை. 2019-ல், காசு கொடுத்து பிளாஸ்டிக் பை வாங்குகிறவர்களைக் கொஞ்சம் கூச்சப்பட வைக்கலாம் என்று நினைத்தார்கள். பைமேல் கொட்டை எழுத்தில் அச்சடித்தார்கள்: ஒன்றில் 'மரு களிம்பு மொத்த வியாபாரம்', இன்னொன்றில் பெரியவர்களுக்கான வினோத வீடியோக் கடையின் பெயர், மூன்றாவதில் மலக்குடல் பராமரிப்புக் கூட்டுறவு. இதைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் எவன் நடப்பான் என்பது கணக்கு. நடந்தார்கள். அந்தப் பைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சேர்த்து வைக்கவும் ஆரம்பித்தார்கள். உலகம் முழுக்கச் செய்தி வந்தது, கடைக்கு நல்ல பெயர், விளம்பரமாகப் பார்த்தால் சூப்பர் ஹிட். ஆனால் எதை வாங்காதே என்று சொல்ல வந்தார்களோ அதற்கே கிராக்கி வந்துவிட்டது. பிறகு அதே வாசகங்களைத் துணிப்பையில் போடலாம் என்று யோசித்தார்கள். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

நம் ஊரில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. நகரத்துக்குப் புதிதாக வந்த கிராமத்து ஆளைக் கிண்டல் செய்ய ஒரு காலத்தில் 'மஞ்சப்பை' என்ற ஒரு சொல் போதும். சினிமாவில் கக்கத்தில் மஞ்சப்பையோடு எழும்பூர் ஸ்டேஷனில் ஒருத்தர் இறங்கினாலே தியேட்டர் சிரிக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு பிரசாரம் தொடங்கியபோது 'துணிப்பை பயன்படுத்துவீர்' என்று பேர் வைக்கவில்லை, 'மீண்டும் மஞ்சப்பை' என்று வைத்தார்கள். அந்த 'மீண்டும்' எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். பழைய கேலியை மறைக்காமல் அதையே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்ட பேர் அது. அடுத்த ஆண்டு கோயம்பேடு மார்க்கெட்டில் மெஷின் வைத்தார்கள், 10 ரூபாய் போட்டால் பை விழும். பை மறந்தவன் நிற்கும் இடத்திலேயே பை. எண்ணெய்க் கடையில் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதும் இதுதான்.

துணிப்பை என்றதும் ஒரு கொசுறு. விளம்பரத்துக்காகத் துணிப்பை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். யோசித்துச் செய்யுங்கள். டென்மார்க் சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, காலநிலையை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பையைவிட மேல். மற்றப் பாதிப்புகளையும் சேர்த்தால் அந்த எண் ஆயிரங்களில் போய் நிற்கிறது. என் வீட்டு அலமாரியில் மட்டும் பதினேழு தாம்பூலப் பைகள் கிடக்கின்றன, மணமக்கள் பேரோடு. அதில் ஒரு ஜோடி பிரிந்தே நான்கு வருஷம் ஆகிறது. பை இன்னும் கெட்டியாக இருக்கிறது, வாரா வாரம் அதில்தான் காய்கறி வாங்குகிறேன். (சொந்தக்காரர்கள் யாரும் இந்தத் தளத்தில் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

லண்டன் வில்லியர்ஸ் தெருவில் 2015-ல் ஹப்பப் என்ற அமைப்பு சிகரெட் துண்டு போட ஒரு பெட்டி வைத்தது. முன்பக்கம் கண்ணாடி, நடுவில் தடுப்பு, மேலே ஒரு கேள்வி: உலகின் சிறந்த ஆட்டக்காரர் ரொனால்டோவா மெஸ்ஸியா? துண்டைப் போடுவதுதான் ஓட்டு. 'குப்பை போடாதே' என்ற வார்த்தையே அதில் கிடையாது. இதை அப்படியே ஈரோட்டுக்குக் கொண்டு வந்தோம். பால் கவருக்கு பிளாஸ்டிக் தடையில் விலக்கு உண்டு, தினமும் வீட்டுக்கு இரண்டு சேரும். கடை வாசலில் இரண்டு கூடை வைத்து, 'இட்லிக்கு எது? சட்னியா, சாம்பாரா?' என்று எழுதினோம். கழுவிக் காயவைத்த கவர்தான் செல்லும், ஈரக் கவர் செல்லாத ஓட்டு.

நான்கு நாள் சட்னி முன்னிலை. ஐந்தாம் நாள் எதிர்த்த டீக்கடை மாஸ்டர் ஒரு சாக்கு நிறையக் கவரைக் கொண்டு வந்து சாம்பார் கூடையில் கவிழ்த்தார். கள்ள ஓட்டு என்று ஒரே ரகளை. தலைக்கு ஒரு நாளைக்கு ஐந்து கவர் என்று விதி போட வேண்டி வந்தது. ஒரு பெரியவர் "பொடியை வுட்டுப்போட்டீங்களே, கண்ணு" என்று மூன்றாவது கூடை கேட்டார். வைத்தோம், டெபாசிட் போனது. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் பழைய பேப்பர்க்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஃபோக்ஸ்வாகனைச் சொல்லாமல் விட முடியாது. 2009-ல் ஸ்டாக்ஹோம் ஓடென்பிளான் சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டைப் பியானோவாக மாற்றினார்கள், மிதித்தால் சுரம் கேட்கும். வழக்கத்தைவிட 66 சதவீதம் அதிகம் பேர் எஸ்கலேட்டரை விட்டுப் படியேறியதாக அவர்களே சொன்னார்கள். எரிபொருள் மிச்சம் பிடிக்கும் கார்களை விற்கத்தான் இந்த விளையாட்டு. 2015-ல் பார்த்தால், உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை அதே கம்பெனி வைத்திருந்தது வெளியே வந்தது. சிரிக்க வைத்தவன் பொய் சொன்னால் கோபம் இரட்டிப்பாக வரும். அதனால் உங்கள் தட்டு 'நூறு சதவீதம் பசுமை' என்றெல்லாம் போட்டுவிடாதீர்கள்.

பொய்க்கு அவசியமும் இல்லை, உங்கள் சரக்கிலேயே விஷயம் இருக்கிறது. பாக்கு மட்டை மரத்திலிருந்து தானாக விழுவது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மட்டை தானாக விழுந்தது. நாங்கள் பொறுக்கினோம், கழுவினோம், சூடாக அழுத்தினோம். பெருமைப்பட வேறொன்றும் இல்லை." சமையல் கான்ட்ராக்டர்களிடம் போகும்போது பூமியை இழுக்கவே வேண்டாம். மெல்லிசுத் தட்டு நடுவில் மடங்கி ரசம் பட்டு வேட்டியில் இறங்கிய அனுபவம் இல்லாத ஆள் உண்டா? "மாப்பிள்ளை வீட்டார் வேட்டிக்கு உத்தரவாதம்" என்று ஒரு வரி போதும். தட்டில் ரசத்தை ஊற்றி, இரண்டு விரலால் தூக்கிக் காட்டுங்கள். ஒழுகாது என்று முதலில் வீட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எண்ணெயை வைத்துவிட்டுப் போன அம்மா மூன்று மாதம் கழித்து வந்தார், எவர்சில்வர் தூக்குவாளியோடு. இப்போது பலகையைப் படிக்காமல் உள்ளே வருவதில்லை. போன வாரம் நண்பர் போனில் சொன்னார்: "அந்தம்மா இன்னிக்கு வந்துட்டு, 'நேத்து எழுதுனது அவ்வளவு சுகமில்லைங்க, யாரு எழுதுனது'ன்னு கேட்டாங்க. உன் பேரைச் சொல்லலை."