வற்றும் சதுப்பு நிலத்தைத் தோண்டலாமா?

கேள்வி: மழையில் நிறைந்து கோடையில் வறண்டுவிடும் ஒரு சதுப்பு நிலத்தை மீட்கும் குழுவில் இருக்கிறேன். இயந்திரம் வைத்து ஆழப்படுத்தினால் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும், பறவைகள் பெருகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: முதலில் இயந்திரத்தைத் திருப்பி அனுப்புங்கள். தோண்டினால் குளம் கிடைக்கும், சதுப்பு நிலம் போய்விடும். வறண்ட நிலத்தைக் கண்டாலே அதற்கு ஏதோ நோய் என்று நினைத்துவிடுகிறோம்.

வெடித்துக் கிடக்கும் சேற்றில் ஒரு கட்டியைப் பெயர்த்துப் பாருங்கள். வெறும் மண்ணாகத்தான் தெரியும். மல்லாந்து நீந்தும் சிறு இறாலினங்களின் முட்டைகள் அதற்குள் பல ஆண்டுகள் காய்ந்து கிடந்தும் சாகாமல் இருக்கும். மழைநீர் பட்டதும் பொரிக்கும். சதுப்புச் செடிகள் பலவற்றின் விதைகளோ தண்ணீர் வடிந்து சேறு வெளியே தெரிந்தால்தான் முளைக்கும். தண்ணீர் நிரந்தரமானால் மீன்கள் நிலைத்துவிடும்; இறால்களும் தலைப்பிரட்டைகளும் அவற்றுக்கு இரையாகும். பறவைகளுக்காவது லாபமா என்றால் அதுவும் இல்லை. உள்ளான்கள் என்ற கரையோரப் பறவைகள் இரை தேடுவது கால் நனையும் ஆழத்தில். செங்குத்தாக வெட்டிய கரையில் அவற்றுக்கு நிற்க இடமேது? போதாக்குறைக்கு, தண்ணீரைத் தாங்குவது அடியில் உள்ள களிமண் அடுக்கு என்றால், அதைத் தோண்டிக் கிழித்த பிறகு இப்போது நிற்கும் தண்ணீரும் இறங்கிவிடும்.

தண்ணீர் வரும் வழியைத் தேடிப் போங்கள். எங்காவது சாலையோ கட்டடமோ மறித்திருக்கும். வடிகால் வெட்டியிருந்தால் மூடுங்கள். சதுப்புக்குள் மரக்கன்று நடும் விழா மட்டும் வேண்டாம், புகைப்படம் எவ்வளவு அழகாக வந்தாலும்.

கேள்வி: அங்கே மாடுகளும் மேய்கின்றன. வேலி போட்டுவிடலாம் அல்லவா?

பதில்: அவசரப்படாதீர்கள். ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எருமைகள் போனதும் பாஸ்பாலம் என்ற புல் நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது, பறவைகள் குறைந்தன. அங்கே பல ஆண்டுகள் ஆய்வு நடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், எருமைகள் புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்ததை எடுத்துச் சொன்னது. கோஸ்டா ரிக்காவின் பாலோ வெர்தே சதுப்பு நிலத்திலும் இதே கதை. கால்நடைகளை வெளியேற்றிய பிறகு சம்பங்கோரை மண்டியது. பிறகு இரும்புச் சக்கரம் பூட்டிய டிராக்டரை இறக்கி அதை நசுக்க வேண்டியதாயிற்று.

அதற்காக எத்தனை மாடுகள் வந்தாலும் சரி என்று விட்டுவிட முடியாது. எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடும் மாதங்களில் விலக்கி வையுங்கள். எந்தப் புல் எப்போதிலிருந்து மண்டுகிறது என்று மேய்ப்பவரிடம் கேளுங்கள். வேலி பற்றிய முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.